பிரெஞ்சு அண்மை எதிர்காலம்: வாக்கியம் எந்த இடத்தில் உடைகிறது?

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவர்கள் முதலில் கற்கும் எதிர்காலம் ‘ஃப்யுத்யுர் ப்ரோஷ்’, அதாவது அண்மை எதிர்காலம். விதி ஒரே வரிதான்: ‘அலே’ (போதல்) என்ற வினையின் நிகழ்கால வடிவத்தை எழுது; அதன் பின்னால் அடுத்த வினையை அகராதியில் இருக்கிறபடியே வை. இவ்வளவு எளிய விதியை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை விதமாகத் தவறு செய்ய முடிகிறது?

என் கணிப்பில் காரணம் இதுதான்: நாம் பிரெஞ்சுக்கு ஆங்கிலம் வழியாகப் போகிறோம். அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. ‘நான் சாப்பிடப் போகிறேன்’ என்ற தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். ‘சாப்பிட’ யாருக்காகவும் மாறாது. ‘போகிறேன், போகிறாய், போகிறாள்’ என்று ஆளுக்கேற்ப மாறுவது ‘போ’ மட்டும்தான். பிரெஞ்சு செய்வதும் அச்சாக இதையே. ‘போகிறேன்’ என்பதைப் பிடுங்கி ‘நான்’ பக்கத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது: நான் – போகிறேன் – சாப்பிட, ‘ஜ வே மான்ஜே’. ஆங்கிலத்தில்தான் ‘ஐ ஆம் கோயிங் டு ஈட்’ என்று நடுவில் ‘ஆம்’, ‘டு’ என்ற இரண்டு சொற்கள் நிற்கின்றன. அந்த இரண்டும் பிரெஞ்சுக்குள் எப்படி நுழைகின்றன என்பது கீழே வரும். தமிழ் நம்மைத் தவறாக இழுக்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் விடப்போவதில்லை.

ஒலிகளைப் பற்றி ஒரு சொல். தமிழ் எழுத்தில் பிரெஞ்சு தோராயமாகத்தான் வரும். ‘மான்ஜே’, ‘வோன்’ போன்றவற்றில் வரும் ‘ன்’ தனி மெய்யாக ஒலிக்காது. உயிரொலி மூக்கு வழியாக வருகிறது என்பதற்கான அடையாளம். ‘நூஸ் அலோன்’ என்பதில் ‘ஸ்’ தேனீயின் ரீங்காரம் போல அதிர்ந்து வரும்.

‘அலே’யின் ஆறு வடிவங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும்: ஜ வே, த்யு வா, இல் வா (பெண்பாலுக்கு எல் வா), நூஸ் அலோன், வூஸ் அலே, இல் வோன் (பெண்பாலுக்கு எல் வோன்). இவை தடுமாறினால் கீழே உள்ள எந்த மருந்தும் வேலை செய்யாது. இனி அறிகுறிகள்.

‘ஜ சுயி மான்ஜே’ என்று வருகிறது; அல்லது நடுவில் ‘ஆ’ முளைக்கிறது

‘ஜ சுயி’ என்றால் ‘நான் இருக்கிறேன்’. ஆங்கிலத்து ‘ஆம்’ வேடம் மாற்றி வந்திருக்கிறது. எடுத்துவிட்டு ‘ஜ வே’ போடுங்கள். இன்னும் கவனமாக எழுதுபவர்கள் ‘ஜ சுயிஸ் அலே மான்ஜே’ என்று மூன்று வினைகளையும் கொண்டுவந்துவிடுவார்கள். இது கூடுதல் ஆபத்தானது, ஏனென்றால் இது சரியான பிரெஞ்சு வாக்கியம். பொருள்தான் ‘நான் சாப்பிடப் போய்வந்தேன்’. எதிர்காலம் சொல்ல வந்து இறந்தகாலம் சொல்லியிருப்பீர்கள். கேட்பவருக்கு அதில் தவறே தெரியாது என்பதால் திருத்தவும் மாட்டார்.

‘ஜ வே ஆ மான்ஜே’ என்பதில் உள்ள ‘ஆ’ ஆங்கிலத்து ‘டு’. குழப்பத்துக்கு நியாயம் இருக்கிறது. ‘ஜ வே ஆ லா கார்’ (நான் ரயில் நிலையத்துக்குப் போகிறேன்) என்பதில் அதே ‘ஆ’ கட்டாயம் வேண்டும். வேறுபாடு பின்னால் வருவதில் இருக்கிறது. பின்னால் இடம் வந்தால் ‘ஆ’ போன்ற ஒரு சொல் உண்டு, வினை வந்தால் கிடையாது. தமிழில் சோதித்துப் பார்க்கலாம்: ‘-க்கு’ வருகிறதா? நிலையத்து‘க்கு’ போகிறேன் என்றால் ‘ஆ’. சாப்பிட‘க்கு’ என்று யாரும் சொல்வதில்லை, எனவே ‘ஆ’ வேண்டாம்.

‘ஜ வே த மான்ஜே’ என்று ‘த’ நுழைந்தால் அது வேறு பாடத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. ‘ஜ வியேன் த மான்ஜே’ என்றால் ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’. அண்மை இறந்தகாலத்துக்கு ‘வெனீர்’ (வருதல்) வினையும் ‘த’வும் சேர்ந்து வரும், அண்மை எதிர்காலத்துக்கு ‘அலே’ மட்டும். பாடப்புத்தகங்களில் இரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றின் உறுப்பு மற்றதில் போய் ஒட்டுகிறது.

இரண்டாம் வினைக்கும் விகுதி வந்துவிடுகிறது

இதுதான் எல்லாரும் விழுகிற குழி. இதில் இரண்டு வகை உண்டு, மருந்தும் வேறுவேறு.

முதல் வகை காதுக்கே தெரியும்: ‘ஜ வே ஃபே’, ‘த்யு வா ப்ரான்’, ‘இல் வா வியேன்’. ஒரு எழுவாய்க்கு ஒரு வினைதான் திரியும் என்பது மறந்துவிடுகிறது. ‘நான் சாப்பிடுகிறேன் போகிறேன்’ என்று தமிழில் சொல்வது போன்றது இது. ஆனால் பலருக்கு உண்மையான சிக்கல் விதி தெரியாததல்ல; அகராதி வடிவம் சட்டென்று நினைவுக்கு வராததுதான். அன்றாடம் வாயில் புழங்குவது ‘ஜ பெ’ (என்னால் முடியும்), ‘ஜ துவா’ (நான் செய்தாக வேண்டும்) போன்ற வடிவங்கள். அவற்றின் மூலம் ‘பூவுவார்’, ‘தெவுவார்’ என்பது பட்டியலில் பார்த்ததோடு சரி. ஆகவே இந்த இணைகளைத் தனியாகச் சொல்லிப் பழகுங்கள்: சுயி–எத்ர், ஏ–அவுவார், ஃபே–ஃபேர், பெ–பூவுவார், வெ–வூலுவார், துவா–தெவுவார், சே–சாவுவார், வுவா–வுவார், வியேன்–வெனீர், ப்ரான்–ப்ரான்த்ர். இவை வந்துவிட்டால் பெரிய லாபம் இருக்கிறது. தனி எதிர்காலமான ‘ஃப்யுத்யுர் சேம்ப்ல்’ இதே வினைகளை செரே, ஓரே, ஃபெரே, பூரே, வியேன்த்ரே என்று அடையாளம் தெரியாமல் மாற்றிவிடும். அண்மை எதிர்காலத்தில் அந்தத் தொல்லை இல்லவே இல்லை: ‘ஜ வே எத்ர்’, ‘ஜ வே அவுவார்’, ‘ஜ வே பூவுவார் வெனீர்’ (என்னால் வர முடியப் போகிறது).

இரண்டாம் வகை காதுக்குத் தெரியாது, காகிதத்தில்தான் தெரியும். முதல் வகுப்பு வினைகளின் அகராதி வடிவம் ‘ஈ’, ‘ஆர்’ என்ற இரண்டு எழுத்துகளில் முடியும். இறந்தகால எச்சம் தலையில் சாய்கோடு போட்ட ‘ஈ’யில் முடியும். ‘வூ’வுக்கான (நீங்கள்) நிகழ்காலம் ‘ஈ’, ‘ஸெட்’டில் முடியும். மூன்றும் ஒலிப்பதோ ஒரே ‘மான்ஜே’. பேசும்போது தப்பித்துவிடலாம், எழுதும்போது மாட்டிக்கொள்வோம். பிரெஞ்சுக்காரர்களே இதில் சறுக்குவது சாதாரணம். அவர்கள் பள்ளியில் கற்கும் உபாயம் நமக்கும் உதவும்: சந்தேகம் வந்த இடத்தில் ‘வான்த்ர்’ (விற்றல்) போன்ற மூன்றாம் வகுப்பு வினையை வைத்துப் பாருங்கள். அதன் மூன்று வடிவங்களும் வேறுவேறாக ஒலிக்கும். ‘ஜ வே வான்த்ர்’ பொருந்துகிறது, எனவே ‘ஈ–ஆர்’. ‘ஜே வான்த்யு’ (நான் விற்றேன்) என்று வருமிடத்தில் சாய்கோட்டு ‘ஈ’. ‘வூ வான்தே’ என்று வந்தால் ‘ஈ–ஸெட்’. ‘அலே’க்குப் பின்னால் எப்போதும் ‘வான்த்ர்’தான் பொருந்தும்; எனவே அங்கே எப்போதும் ‘ஈ–ஆர்’தான்.

‘வூஸ் அலே மான்ஜே’ என்று எழுதும்போது இரட்டைக் கவனம் வேண்டும். ‘அலே’ ஈ–ஸெட்டில் முடியும், ‘மான்ஜே’ ஈ–ஆரில் முடியும். ஒலி ஒன்றாக இருப்பதால் கை இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறது.

இரண்டு செயல்களை அடுக்கும்போதும் இதே நோய் தலைகாட்டும். ‘சாப்பிட்டுத் தூங்கப் போகிறேன்’ என்பதற்கு ‘ஜ வே மான்ஜே ஏ தோர்மீர்’ போதும். ‘ஏ’ (உம்) தாண்டியதும் ‘வே’யின் பிடி விட்டுப்போகாது, இரண்டாவதும் அகராதி வடிவிலேயே நிற்க வேண்டும்.

எழுவாய் காணவில்லை, அல்லது எழுவாயும் வினையும் ஒத்துப்போகவில்லை

இது ஆங்கிலத்தின் குற்றமல்ல, தமிழின் பழக்கம். ‘போகிறேன்’ என்றாலே ‘நான்’ என்பது அதற்குள் இருக்கிறது. பிரெஞ்சில் அப்படி விட முடியாது. ‘த்யு வா’வும் ‘இல் வா’வும் ஒலியில் ஒன்றே, எழுவாயைச் சொல்லாவிட்டால் யார் என்றே தெரியாது.

அடுத்தது மரியாதைப் பன்மை. ‘அவர் பேசப் போகிறார்’ என்ற ஒருவரை மனதில் வைத்து ‘இல் வோன் பார்லே’ என்று எழுதினால் பிரெஞ்சுக்காரர் பலர் பேசப்போவதாகப் புரிந்துகொள்வார். எவ்வளவு பெரியவராக இருந்தாலும் படர்க்கையில் ஒருவர் என்றால் ‘இல் வா’ அல்லது ‘எல் வா’ மட்டுமே. மரியாதை பிரெஞ்சில் முன்னிலையோடு நின்றுவிடுகிறது: எதிரே இருப்பவரிடம் ‘வூஸ் அலே’.

‘ஓன்’ என்பது பேச்சில் ‘நாம்’ என்ற பொருளில் ஓயாமல் வரும். பொருள் பன்மை, வினை ஒருமை: ‘ஓன் வா பார்தீர்’ (நாம் கிளம்பப் போகிறோம்). ‘ஓன் அலோன்’ என்று ஒன்று கிடையாது.

‘ஜ வா’ என்று எழுதித் திருத்தப்பட்டவர்களுக்கு ஓர் ஆறுதல். 17ஆம் நூற்றாண்டில் இது அறிஞர்களே மோதிக்கொண்ட விஷயம். 1647இல் மொழி வழக்குகளைப் பதிவு செய்த வோஜ்லா, படித்தவர்கள் ‘ஜ வே’ என்கிறார்கள், அரசவையோ ‘ஜ வா’ என்கிறது என்று குறித்தார். 1702இல் இறந்த இலக்கண அறிஞர் தொமினீக் பூஊர், சாகும் தறுவாயில் ‘ஜ வே, அல்லது ஜ வா, மூரீர்’ என்று சொல்லி, இரண்டுமே வழக்கில் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னாராம். ‘நான் சாகப் போகிறேன்’ என்பதே அண்மை எதிர்காலம்தான். உதாரணம் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார் மனிதர். கதை உண்மையோ பொய்யோ, கனடாவின் கியூபெக் மாகாணப் பேச்சில் ‘ஜ வா’ இன்றும் கேட்கும். தேர்வுத்தாளில் மட்டும் ‘ஜ வே’.

‘பா’ எங்கே போவது என்று தெரியவில்லை

பிரெஞ்சில் எதிர்மறை ‘ந’, ‘பா’ என்ற இரண்டு துண்டுகளாக வரும். ‘ஜ வே மான்ஜே பா’ என்று ‘பா’ கடைசியில் போய் நின்றால், தமிழ் வாக்கியம் ‘இல்லை’யில் முடிவதுதான் காரணம். ஆனால் அதே தமிழ் வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள்: ‘சாப்பிடப் போவதில்லை’. ‘இல்லை’ ஒட்டிக்கொண்டிருப்பது ‘சாப்பிட’ மீதல்ல, ‘போவது’ மீது. ‘போவதில்லை’ என்பதை உடைக்காமல் ஒரே துண்டாக முன்னால் நகர்த்தினால் ‘ந வே பா’ என்ற பிரெஞ்சுத் துண்டு அப்படியே அமைந்துவிடும்: ‘ஜ ந வே பா மான்ஜே’. ‘ந’வும் ‘பா’வும் ‘அலே’யின் இரு புறமும் நிற்கும். ‘அலோன்’, ‘அலே’ உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘ந’ அவற்றோடு ஒட்டிவிடும்: ‘நூ நாலோன் பா பார்தீர்’, ‘வூ நாலே பா பார்தீர்’.

‘ஜாமே’ (ஒருபோதும்), ‘ப்ல்யு’ (இனிமேல்) ஆகியவையும் ‘பா’வின் இடத்திலேயே உட்காரும். ‘ரியேன்’ (ஒன்றும்) கூட அங்கேதான்: ‘ஜ ந வே ரியேன் தீர்’, ஒன்றும் சொல்லப் போவதில்லை. இதைப் பார்த்துவிட்டு ‘யாரையும்’ என்பதையும் அங்கே வைப்பது இயல்பான பிழை. ‘பெர்சோன்’ மட்டும் முரண்டு பிடிக்கும்: ‘ஜ ந வே வுவார் பெர்சோன்’ (யாரையும் பார்க்கப் போவதில்லை). அது இரண்டாம் வினையையும் தாண்டிப் பின்னால் போக வேண்டும். ‘எங்கும்’ என்ற பொருள் தரும் ‘ந்யுல் பார்’ என்பதும் அப்படியே. இங்கே தமிழ் உதவாது, மனப்பாடம்தான் வழி. ‘பெர்சோன்’ வந்தால் ‘பா’ வராது என்பதும் சேர்ந்தே நினைவில் இருக்கட்டும்.

‘ஜ வே ந பா மான்ஜே’ என்று எங்கேனும் படித்தால் அது அச்சுப்பிழை அல்ல. ‘சாப்பிடாமல் இருக்கப் போகிறேன்’ என்று வேண்டுமென்றே ஒன்றைத் தவிர்ப்பதைச் சொல்ல அப்படியும் வரலாம். அரிதான வழக்கு, தொடக்கத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

‘அதை’, ‘அவனிடம்’, ‘அங்கே’ இடம் மாறுகின்றன

‘ஜ ல வே வுவார்’ என்று எழுதினால் 300 ஆண்டுகளுக்கு முந்தைய பிரெஞ்சை எழுதியிருக்கிறீர்கள். அக்கால எழுத்தில் அதுவே சகஜம். இன்றைய மொழியில் ‘ல’ (அவனை, அதை) தன் வினைக்கு முன்னால் ஒட்டும்: ‘ஜ வே ல வுவார்’. யாரைப் பார்க்க? ‘அவனை’ என்பது ‘பார்க்க’ என்பதன் சொத்து, ‘போகிறேன்’ என்பதன் சொத்தல்ல.

தொடக்கத்தில் சொன்ன உபாயம் இங்கே பளிச்சென்று வேலை செய்யும். ‘நான் அதை வாங்கப் போகிறேன்’ என்பதில் ‘போகிறேன்’ மட்டும் நகரட்டும், மற்றதைத் தொடாதீர்கள்: நான் – போகிறேன் – அதை வாங்க. ‘ஜ வே லாஷ்தே’. அப்படியே ‘அவளிடம் பேச’ என்பது ‘ஜ வே லுயி பார்லே’. எதிர்மறையிலும் வரிசை குலையாது: ‘ஜ ந வே பா லுயி பார்லே’.

ஆனால் பிரதிப்பெயருக்குப் பதில் முழுப் பெயர்ச்சொல் வந்தால் தமிழ் வரிசை கைவிட்டுவிடும். ‘புத்தகத்தை வாங்க’ என்பது ‘அஷ்தே ல லீவ்ர்’: வினை முன்னால், புத்தகம் பின்னால்.

‘அங்கே’ என்று பொருள் தரும் ‘இ’யைத் தனியாகப் பார்க்க வேண்டும். ‘அங்கே போகப் போகிறேன்’ என்பது ‘ஜ வே இ அலே’. ஒரே வினை இரண்டு முறை வருகிறதே என்று தயங்கி ‘அலே’யை வெட்டுபவர்கள் உண்டு. தயங்க வேண்டியதில்லை; தமிழிலும் ‘போகப் போகிறேன்’ என்றுதானே சொல்கிறோம். ‘ஜி வே’ என்பதும் சரிதான், ஆனால் அது ‘அங்கே போகிறேன், இதோ கிளம்புகிறேன்’ என்ற நிகழ்காலம். ‘ஜி வே அலே’ என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

‘ஸ’ எல்லாருக்கும் ஒட்டிக்கொள்கிறது

‘ஜ வே ஸ லெவே’ (எழுந்திருக்கப் போகிறேன்). அகராதியில் ‘ஸ லெவே’ என்று இருக்கிறது (‘ஸ’ என்றால் ‘தன்னை’), அகராதி வடிவத்தை மாற்றாதே என்று விதி சொல்கிறது. எனவே இப்படி எழுதுபவரைக் குறை சொல்வதற்கில்லை. விதி முழுமையாக இப்படி: வினை மாறாது, ஆனால் அதன் முன்னால் உள்ள ‘ஸ’ ஆளுக்கேற்ப மாறும். ஜ வே ம லெவே, த்யு வா த லெவே, இல் வா ஸ லெவே, நூஸ் அலோன் நூ லெவே, வூஸ் அலே வூ லெவே, இல் வோன் ஸ லெவே. ‘ஓன்’ வந்தால் பொருள் ‘நாம்’ ஆனாலும் ‘ஸ’தான்: ‘ஓன் வா ஸ லெவே’.

‘எழுந்திரு’, ‘உடுத்து’ போன்ற தமிழ் வினைகளில் ‘தன்னை’ என்ற சொல் கிடையாது. ஆகவே ‘ம’வையே மறந்து ‘ஜ வே லெவே’ என்று விடுவதும் உண்டு. அது ‘எதையோ தூக்கப் போகிறேன்’ என்று பொருளாகும். எதை என்று கேட்பவர் காத்திருப்பார்.

‘இல் யா’, ‘இல் ஃபோ’ எப்படித் திரியும்?

‘இருக்கிறது’ என்று பொருள்படும் ‘இல் யா’ உள்ளே மூன்று துண்டுகள்: இல் – இ – ஆ. கடைசி ‘ஆ’தான் வினை, அதன் அகராதி வடிவம் ‘அவுவார்’. அதற்கு முன்னால் ‘இ’ ஒட்டும், மேலே பார்த்த பிரதிப்பெயர் விதிப்படியே: ‘இல் வா இ அவுவார் அன் ப்ரோப்லேம்’ (ஒரு சிக்கல் வரப்போகிறது). விரைந்து சொல்லும்போது ‘இல் வா யாவுவார்’ என்று கேட்கும். ‘இல் இ வா அவுவார்’ என்பது பிழை.

‘இல் ஃபோ’ (செய்தாக வேண்டும்) ‘இல் வா ஃபாலுவார்’ ஆகும். ‘இல் வா ஃபாலுவார் பார்தீர்’: கிளம்பியாக வேண்டியிருக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் ‘ஸா வா’வும் எதிர்காலத்துக்கு வரும்: ‘ஸா வா அலே’, எல்லாம் சரியாகிவிடும். பேச்சில் தினமும் காதில் விழும் வாக்கியம் இது.

‘போகவிருந்தேன்’ என்பதற்கு இறந்தகாலம் தப்பாகிறது

‘சாப்பிடப் போனேன்’ என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருள் வரும்: சாப்பிடுவதற்காக எங்கோ போனேன், அல்லது சாப்பிடத் தொடங்கவிருந்தேன், அதற்குள் ஏதோ நடந்தது. பிரெஞ்சு இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. முதல் பொருளுக்கு ‘ஜ சுயிஸ் அலே மான்ஜே’. இரண்டாவதற்கு ‘அலே’யைத் தொடர் இறந்தகாலமான ‘ஆன்பார்ஃபே’யில் வைக்க வேண்டும்: ‘ஜாலே மான்ஜே’. ‘நான் கிளம்பவிருந்தேன், தொலைபேசி மணி அடித்தது’ என்பது ‘ஜாலே பார்தீர் கான் ல தெலெஃபோன் ஆ சோனே’.

இந்த அமைப்பு உயிரோடிருப்பது நிகழ்காலம், ‘ஆன்பார்ஃபே’ ஆகிய இரண்டில் மட்டும்தான். ‘அலே’ வேறு எந்தக் காலத்தில் வந்தாலும் கால்கள் நடக்கத் தொடங்கிவிடும். ‘ஜிரே வுவார்’ என்றால் ‘போய்ப் பார்ப்பேன்’. ‘வா மான்ஜே!’ என்றால் ‘போய்ச் சாப்பிடு!’ என்ற கட்டளை. அந்தக் கட்டளை ‘வா’வின் இறுதியில் ‘எஸ்’ எழுத்து கிடையாது. ‘த்யு வா’வில் உண்டு.

நிகழ்காலத்திலும் சிலசமயம் இருபொருள் வரும். ‘ஜ வே ஷெர்ஷே ல லீவ்ர்’ என்பது ‘புத்தகத்தை எடுத்துவரப் போகிறேன்’. நடந்து போவதா, எதிர்காலமா? இரண்டும்தான், பேசுபவருக்கே அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

இலக்கணம் சரி, ஆனாலும் ஆசிரியர் அடிக்கோடிடுகிறார்

அப்படியென்றால் பிழை வடிவத்தில் இல்லை, தேர்வில் இருக்கிறது. ‘அண்மை’ என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். அடுத்த நிமிடம் நடப்பதற்கு மட்டும் உரியதல்ல இது. பத்து வருடம் கழித்து நடப்பதையும் இதில் சொல்லலாம். அது இப்போதைய நிலையோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. ‘எல் வா அவுவார் அன்னான்ஃபான்’ என்றால் அவள் கருவுற்றிருக்கிறாள், குழந்தை பிறக்கப்போகிறது. ‘எல் ஓரா அன்னான்ஃபான்’ என்று ‘ஃப்யுத்யுர் சேம்ப்ல்’ போட்டால் என்றோ ஒருநாள் அவளுக்குக் குழந்தை பிறக்கும் என்ற பொதுவான கணிப்பு. மேகம் கறுத்திருக்கும்போது ‘இல் வா ப்லெவுவார்’ (மழை பெய்யப் போகிறது). பேச்சில் அண்மை எதிர்காலமே மேலோங்கி நிற்கிறது. முறையான எழுத்தில் மற்றது தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நிபந்தனையில் கவனம் தேவை. ‘நீ வந்தால் வெளியே போவோம்’ என்பதற்கு ‘ஸி த்யு வா வெனீர்’ என்று தொடங்க வேண்டாம். ‘ஸி’க்குப் பின்னால் நிகழ்காலம், எதிர்காலம் அடுத்த பாதியில்: ‘ஸி த்யு வியேன், ஓன் வா சோர்தீர்’. ஆனால் ‘வருவாளா என்று தெரியவில்லை’ என்பதிலும் அதே ‘ஸி’ வரும். அங்கே நிபந்தனை எதுவும் இல்லாததால் அண்மை எதிர்காலம் தாராளமாக வரலாம்: ‘ஜ ந சே பா ஸி எல் வா வெனீர்’. அடிக்கோடிட்டவர் ‘ஸி’யைப் பார்த்ததும் அடித்திருந்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். ‘கான்’ (எப்போது, -போது) வந்தால் ‘ஃப்யுத்யுர் சேம்ப்ல்’ பாதுகாப்பானது: ‘கான் த்யு அரிவெரா’, நீ வந்து சேரும்போது.

கேள்வியாக மாற்றும்போது குழறுகிறது

எளிய வழி: முன்னால் ‘எஸ் க’ சேர்த்துவிட்டு மற்றதை அப்படியே விடுவது. ‘எஸ் க த்யு வா பார்தீர்?’ ‘என்ன செய்யப் போகிறாய்?’ என்பதற்கு ‘கெஸ் க த்யு வா ஃபேர்?’. திருப்பிப் போடுவதென்றால் எழுவாயும் ‘அலே’யும் மட்டும் இடம் மாறும், இரண்டாம் வினை அசையாது: ‘வா-த்யு பார்தீர்?’ ‘வா இல்’ என்று இரண்டு உயிர்கள் முட்டும் இடத்தில் நடுவே ஒரு ‘டி’ எழுத்தை இரு சிறுகோடுகளுக்கிடையே நுழைத்து ‘வா-தில் வெனீர்?’ என்பார்கள். ‘வோன்’ சொல்லில் அந்த எழுத்து ஏற்கெனவே கடைசியில் இருப்பதால் ‘வோன்-தில்’ தானாகவே வரும்.

எழுதத் தெரிகிறது, கேட்டால் புரியவில்லை

பேச்சில் ‘ஜ வே’ சுருங்கி ‘ஜ்வே’ என்று ஓரசையாகும். எதிர்மறையில் ‘ந’ பெரும்பாலும் விழுந்துவிடும். ‘ஜ்வே பா’ என்பதுதான் காதில் விழும். ‘ந’வுக்காகக் காத்திருந்தால் வாக்கியம் போய்விடும், ‘பா’வைப் பிடியுங்கள். ‘இல் வோன் அரிவே’ சிலர் வாயில் ‘இல் வோன்-தாரிவே’ ஆகும். நடுவில் வரும் ‘த்’ புதுச் சொல் அல்ல, எழுத்தில் உறங்கிக்கொண்டிருந்த ‘டி’தான். கியூபெக் பேச்சு வழக்கில் ‘ஜ வே’ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘மா’ என்று கேட்டால் திகைக்க வேண்டாம்: ‘மா த தீர்’ என்றால் ‘உன்னிடம் சொல்லப் போகிறேன்’.

ஒரு வசதியும் உண்டு. பெரும்பாலான வினைகளில் ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ இரண்டும் ஒன்றுபோல் ‘இல் பார்ல்’ என்றுதான் ஒலிக்கும். அண்மை எதிர்காலத்தில் ‘வா’வா ‘வோன்’னா என்பதை வைத்து ஒருவனா பலரா என்பது உடனே தெரிந்துவிடும். இன்னும் பிடிபடவில்லை என்றால் இந்த ஓர் உயிரொலியை மட்டும் குறிவைத்து ஒரு முறை கேளுங்கள். அடுத்த முறை அதற்குப் பின்னால் வரும் வினையை மட்டும்.